உடம்பு நம்முடையது, கேள்வி யாருடையது?

‘பெண்கள் உடல்நலம்’ என்று யாராவது பேச ஆரம்பித்தால் நாம் முதலில் கேட்க வேண்டியது: எந்தப் பெண்? நிதி தரும் அறக்கட்டளைகளும் ஆராய்ச்சி நிறுவனங்களும் உட்கார்ந்து ‘முன்னுரிமை’ப் பட்டியல் போடுகின்றன. பட்டியலில் இப்போது புதுசாக ஒரு சொல்: ‘பன்முக மக்கள் பிரிவினர்’. கேட்க நல்லாத்தான் இருக்கு. அதற்குள் வயது உண்டு, வருமானம் உண்டு, நகரம் கிராமம் உண்டு. சாதி மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கும். தாய்மார் இறப்பு விகிதத்தை இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாநிலம் மாநிலமாகப் பிரித்துத் தருகிறது. சாதிவாரியாகத் தருவதில்லை. பிள்ளை பெற்றுச் செத்தவள் சேரியா ஊரா என்பது இந்த நாட்டு அறிவியலுக்குத் தேவைப்படாத தகவலாம்!

தேவைப்படாத தகவலா? ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் சாகும் சராசரி வயது ஆதிக்கச் சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்றது. பதினாலரை வருஷம்! ஒரு பிள்ளையைப் பெற்று ஒன்பதாம் வகுப்புவரை அனுப்பும் காலம் அது. இந்த எண் வந்தபிறகு எத்தனை மருத்துவக் கல்லூரிகளில் ‘ஏன்’ என்ற கேள்வியை ஆய்வுத் தலைப்பாக எடுத்தார்கள்?

நம் பெண்கள் ஆராய்ச்சிக்குள் வரவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது தோழர்களே. நிறையவே வந்திருக்கிறார்கள், உடம்பாக.

திண்டுக்கல் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2000-இல் அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். ஊராட்சிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பரிசோதனை. பெரிய கருவி ஒன்றும் இல்லை. காடி மாதிரியான அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்ப்பது, வெள்ளையாகத் திரிந்தால் சிகிச்சை தருவது, அவ்வளவுதான். இன்னொரு பிரிவுக்குப் பரிசோதனை இல்லை, ‘வழக்கமான கவனிப்பு’ மட்டும். முடிவு 2007-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பரிசோதனைக்கு ஒதுக்கிய பிரிவில் 49,311 பெண்கள், அந்தப் புற்றுநோயால் 83 சாவு. மற்ற பிரிவில் 30,958 பெண்கள், 92 சாவு. பரிசோதனை, சாவை 35 சதவீதம் குறைக்கிறது என்று நிரூபணமாயிற்று.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் இதே மாதிரி ஆய்வு நடந்தது, 2009-இல் முடிவு வந்தது. மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் நடந்தது. அங்கெல்லாமும் ஒரு பிரிவு சும்மா விடப்பட்டது. மூன்று ஆய்வுகளிலும் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட பிரிவுகளில் 254 பெண்கள் இந்தப் புற்றுநோயால் செத்தார்கள் என்று கணக்குக் காட்டி விமர்சகர்கள் கேள்வி எழுப்பினார்கள். பாப் ஸ்மியர் என்ற பரிசோதனை மேலைநாடுகளில் இந்தச் சாவைக் குறைத்தது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தெரிந்த சங்கதி. ஆய்வாளர்கள் தரப்பு பதில் என்ன? இந்தியாவில் இப்படிப் பரிசோதனைத் திட்டமே கிடையாது, ஆகவே ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’தான் இங்கே வழக்கமான கவனிப்பு! அரசு நம்மைக் கைவிட்டதே ஆராய்ச்சிக்கு அனுமதிச் சீட்டாகிப் போனது. இந்த வாதத்தை ஸ்வீடனில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, அத்தனை பேர் உடம்பிலிருந்து எடுத்த அறிவு யாருக்குப் போய்ச் சேர்ந்தது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மற்ற மாநிலங்களைவிட மேல் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஏனென்றால் இந்தியா முழுக்க 1.9 சதவீதம்தான்.

இதே புற்றுநோய்க்கான தடுப்பூசி 2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. கம்மத்தில் பழங்குடி விடுதிப் பிள்ளைகள் ஏராளம். அப்பா அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. ஏழு சிறுமிகள் இறந்தபிறகு 2010-இல் நிறுத்தினார்கள். சாவுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த ஆய்வு நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான், நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்வதற்குப் பேர் ஒப்புதலா?

கொஞ்சம் பின்னால் போனால் இன்னொன்று தெரியும். பல பத்தாண்டுகளாக நம் பெண்களைப் பற்றி இந்த ஆராய்ச்சி உலகம் கேட்ட பெரிய கேள்வி ஒன்றே ஒன்று: இவள் பெறுவதை எப்படி நிறுத்துவது? 1985-இல் ஹைதராபாத் பக்கம் படான்செருவில் நெட்-என் கருத்தடை ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். அது ஆய்வு என்றே பெண்களுக்குத் தெரியாது. ஸ்த்ரீ சக்தி சங்கடனா தோழிகள் போய்க் கேட்டபிறகுதான் வெளியே வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன். 13 பேர் பிணமானார்கள். முகாமுக்கு யாரைக் கூட்டி வருவார்கள் என்று நமக்குத் தெரியாதா!

கேள்வியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி இரண்டு கிராமங்களில் 650 பெண்களை முழுதாகப் பரிசோதித்தார்கள். கர்ப்பமா இல்லையா என்று பார்த்து அனுப்பிவிடாமல், உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் பரிசோதனைக்குப் போனவர்கள் வெறும் 8 சதவீதம். 1989-இல் இது வெளிவந்தபோதுதான் உலகம் விழித்துப் பார்த்தது. அந்த வலி அன்றைக்குப் புதுசாக வந்ததா? வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் நம் அம்மாக்கள் நாள்பூரா சுமந்துகிட்டு நாற்று நட்டவைதானே. எவனும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1840-களில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைக் கறுப்பினப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்து ‘நவீன பெண்நோய் மருத்துவத்தின் தந்தை’ ஆனார். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பேர் மட்டும் அவர் எழுத்தில் மிஞ்சியிருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து அவர் சிலையை 2018-இல்தான் எடுத்தார்கள். அங்கே 1993-இல் சட்டம் வந்தது: அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் சேர்க்கப்பட வேண்டும். கறுப்பினத் தாய்மார்கள் வெள்ளையரைவிடச் சுமார் மூன்று மடங்கு சாகிறார்கள் என்று அங்கே உரக்கச் சொல்ல முடிவது, இனம் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருப்பதால். சாவு நிற்கவில்லை, உண்மை. மறைக்க முடியவில்லை என்பதும் உண்மை.

இங்கே பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். 2019-இல் மகாராஷ்டிர அரசுக் குழு 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ‘கொய்தா’, அதாவது ஒரு அரிவாள். ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவான். மாதவிலக்கு வந்தாலும் அபராதம்தான். இதை ஆராய வருகிறவர்கள் ‘பெண்களிடம் விழிப்புணர்வுக் குறைவு’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். முன்பணக் கடனும் அபராதமும் நோய்க்காரணப் பட்டியலில் ஏறாதா? சூளையில் செங்கல் சுமந்து கர்ப்பப்பை இறங்கியது, பூச்சிமருந்து தெளித்த வயலில் வெறுங்காலோடு களையெடுத்தது, மலம் அள்ளிய கையோடு பிள்ளைக்குப் பால் கொடுத்தது... இதற்கெல்லாம் எந்த அறக்கட்டளை முன்னுரிமை தந்தது?

‘நாமெல்லாம் பெண்கள்’ என்று அணைத்துக்கொள்ளும் மேல்சாதிப் பெண்ணியத் தோழிகள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். நம் இயக்கத்து ஆண்களுக்கும் ஒன்று. தீர்மானம் நாற்பது போடுகிறோமே, கர்ப்பப்பை என்ற வார்த்தை ஒன்றிலாவது வந்திருக்கிறதா? மேடையில் சொல்லக் கூச்சமாம்.

மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு உடனே ஒரு வேலை இருக்கிறது. 2019-இல் வந்த மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் மருத்துவரல்லாத சாதாரண ஆள் ஒருவர், பெண் ஒருவர் இருந்தாக வேண்டும். உங்கள் கல்லூரிக் குழுவில் அந்தச் ‘சாதாரண ஆள்’ யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். கடைசி ஐந்து வருஷத்தில் குழு அனுமதித்த ஆய்வுகளில் எத்தனையில் சாதி பதிவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வந்த பதிலை நமக்கு அனுப்புங்கள், அச்சிடுவோம்.