கருமுகத்து நீதிபதி

சீனரின் பீகிங் இசை நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பட்டியலை ஒப்பிப்போர் உண்டு. சிவப்பு விசுவாசம், வெள்ளை வஞ்சகம், கறுப்பு நேர்மை, பொன்னிறமும் வெள்ளிநிறமும் தேவர்களுக்கு! தேர்வுக்கு மனப்பாடம் செய்ய நல்ல பட்டியல்தான். ஆனால் இது கையில் இருந்தால் மேடையில் நல்லவர் யார், தீயவர் யார் என்று கண்டுகொள்ளலாம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

வெள்ளை முகத்தையே எடுத்துக்கொள்வோம். அது சாவ் சாவ் (155–220) என்னும் தலைவருக்கு உரியது. தோலே தெரியாதபடி வெண்பொடி பூசி, உண்மை முகத்தை மறைப்பவன் என்று காட்டுகிறார்கள். வரலாற்றிலோ அவர் சிறந்த கவிஞர். போரால் பாழான நிலங்களில் மக்களைக் குடியேற்றி உழவை வளர்த்தவர். அயல்நாட்டாரிடம் சிறைப்பட்டிருந்த சாய் வென்ஜி என்னும் கல்விமிக்க பெண்மணியைப் பொருள் கொடுத்து மீட்டவரும் அவரே. 1959-இல் குவோ மோருவோ இந்நிகழ்ச்சியை வசன நாடகமாக்கி அவர் பெருமையைப் பேசினார். ஆயினும் இசை நாடக மேடையில் சாவ் சாவின் வெள்ளை இன்றும் மாறவில்லை.

மேலும், எல்லா நடிகரும் முகத்தில் கோலம் தீட்டிக்கொள்வதில்லை. கோமாளிக்கு மூக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டு ஒன்றே போதும். பெண் வேடங்களுக்கும், பெரும்பாலான ஆண் வேடங்களுக்கும் சாதாரண ஒப்பனைதான். இங்கேதான் பட்டியல் நம்மைக் கைவிடுகிறது.

நீதிபதி பாவ் செங்கின் நாடகத்தைப் பாருங்கள். (இவர் 999 முதல் 1062 வரை வாழ்ந்தவர், கதை பிற்காலத்தார் புனைந்தது.) ஏழை மாணவனான சென் ஷிமெய் தலைநகர் சென்று அரசுத் தேர்வில் முதல்வனாகிறான். மணமானதை மறைத்து இளவரசியை மணக்கிறான். மனைவி சின் சியாங்லியன் இரண்டு குழந்தைகளோடு தேடி வரும்போது, யாரென்றே தெரியாது என்கிறான். அதுவும் போதாதென்று, அவர்களைக் கொல்ல ஆள் அனுப்புகிறான்! இந்தப் பாதகனின் முகத்தில் வெள்ளைப் பூச்சு இல்லை. பார்க்க அழகன், கற்றவன், பெரிய இடத்து மருமகன். எந்தப் பட்டியல் அவனைக் காட்டிக்கொடுக்கும்?

அவளுக்கு நீதி தருபவரோ கன்னங்கரிய முகத்தினர். நெற்றியில் ஒரு வெள்ளைப் பிறை. இளவரசி வந்து மிரட்டுகிறாள். அரசரின் அன்னையே வந்து தடுக்கிறார். பாவ் செங் தம் பதவித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்டனையை நிறைவேற்ற ஆணையிடுகிறார்.