கோட்டைக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

சென்னை பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டில் நிற்கும்போது யாராவது ஒருவர் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுப்பார். 'டேனரிக்காரங்க லாப வெறிதான் சார் காரணம். கவர்மென்ட்டே எடுத்து நடத்தினா ஆறு சுத்தமாயிடும்.' நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

அப்படியானால் ராணிப்பேட்டையில் இறங்கி ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரிக்க, தமிழக அரசின் பங்கோடு 1970-களில் ஆரம்பித்த கம்பெனி தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். 1990-களின் நடுவில் இழுத்து மூடினார்கள். லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மலையாகக் குவித்து, அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்யப் பெய்ய அது கரைந்து இறங்கி, நிலத்தடி நீர் மஞ்சளானது. மங்களகரமான மஞ்சள் இல்லை. புற்றுநோய் தரும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். 2006-ல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகின் படுமோசமான 10 இடங்களைப் பட்டியல் போட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. ஆலை மூடி கால் நூற்றாண்டு கழிந்தும் குவியல் அசையவில்லை.

ஏன்? கம்பெனியிலும் அரசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அரசு. அப்பாவுக்குப் பிள்ளை ஃபைன் போடுவானா?

தனியார் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் போட்ட போடு அப்படி. கெடுத்தவனே செலவை ஏற்கணும், ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லையென்றால் பூட்டு. அதற்கப்புறம்தான் இவர்களுக்கு சுற்றுச்சூழல் ஞானம் பிறந்தது. அதுவும் அரைகுறை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

அரசுப் பணம் உருப்படியாகச் செலவான இடமும் உண்டு. அடையாறில் 1948-லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், குரோம் பதனிடும் கட்டத்தில் தண்ணீரே வேண்டாம் என்கிற தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்தது. சர்க்கார் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகளின் வேலைதான். ஆராய்ச்சிக்கு அரசு காசு போடட்டும். அதே அரசு ஆலைக்கும் முதலாளியாகி, அதற்கு மார்க்கும் போடுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடி சாட்டையை எடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு பாக்கியிருக்கும் நஷ்டஈட்டை அரசு முதலில் கொடுக்கணும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கணும். நல்ல தீர்ப்பு. டேனரிக்காரரிடம் வசூலிக்க தாசில்தார் ஜீப்பில் போய்விடுவார். குரோமேட்ஸ் குவியலுக்கு? அந்த நோட்டீஸ் சென்னைக் கோட்டைக்கு அல்லவா போகணும். யார் கையெழுத்துப் போடுவார்கள், சொல்லுங்கள்?