மேஸ்திரி பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

ஜவ்வாது மலையில் புதிதாக எழும்பும் எந்த அரசுக் கட்டடத்தின் முன்னாலும் ஒரு பலகை நிற்கும். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சுவரை எழுப்பிய மேஸ்திரியின் பெயர் இருக்காது. பலகையில் இல்லாவிட்டால் போகட்டும். அலுவலகத்தில் உள்ள ஒரு தாளிலும் அவர் பெயர் இல்லை என்பதுதான் நாம் இங்கே பேச வந்த விஷயம்.

ஜமுனாமரத்தூருக்கு அருகே ஒரு மலைக் கிராமத்தைச் சேர்ந்த மலையாளி பழங்குடி மேஸ்திரி ஒருவர் எங்களிடம் வந்தார். சமவெளியைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஒருவரிடம் கட்டட வேலையைக் கூலி ரேட்டுக்கு எடுத்திருந்தார். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் அவர்கள் இறக்கிக் கொடுப்பார்கள், ஆள் இவருடையது. முதல் மூன்று சனிக்கிழமை பணம் சரியாக வந்தது. நான்காவது வாரம் பாதி வந்தது. அதற்கடுத்து, “பில் பாஸ் ஆகட்டும்ணே” என்ற பதில் மட்டும் வந்தது. பூச்சு வேலை முடிந்து சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. அதன் பிறகு போனும் எடுக்கவில்லை.

மேஸ்திரியோடு நாங்களும் அலுவலகத்துக்குப் போனோம். பொறியாளர் கோபப்படவில்லை, மரியாதையாகவே பேசினார். “எங்க ரெக்கார்டுல கான்ட்ராக்டர் ஒருத்தர்தான் இருக்கார். இவர் யாருங்க?” என்று கேட்டார். நான்கு மாதம் தினமும் அந்தக் கட்டடத்தில் நின்ற மனிதரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். பில் எப்போதோ பாஸாகி, பணமும் ஒப்பந்ததாரர் கணக்குக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. அந்தத் தாளைக் காட்டிப் பேசியதில் நிலுவையில் பாதி கிடைத்தது. மீதியை மேஸ்திரி விட்டுவிட்டார். அடுத்த வேலையும் அதே ஆளிடம்தானே கேட்க வேண்டும் என்றார்.

“படிக்காதவங்க, எழுதி வாங்கத் தெரியாதவங்க” என்று நம்மவர்கள் சிலரே சொல்கிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. பெரும்பாலான அரசு டெண்டர்களில், முன் அனுமதி இல்லாமல் வேலையை வேறொருவருக்கு உள்ஒப்பந்தம் விடக் கூடாது என்று நிபந்தனை உண்டு. அனுமதி கேட்டால் கேள்வி வரும், கணக்கு வரும். எனவே உள்ஒப்பந்தம் வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. தாள் இல்லாதது மேஸ்திரியின் மறதி அல்ல, மேலே இருப்பவரின் வசதி. நிபந்தனையை மீறியவர் ஒப்பந்ததாரர். அதற்கான அபராதத்தைக் கட்டுவது மட்டும் மேஸ்திரி.

இந்த அபராதம் எவ்வளவு என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஆள், வாரம் ஆறு நாள், சராசரியாக ஆளுக்கு 700 ரூபாய் என்றால் வாரக் கூலி ரூ.42,000. பணம் ஆறு வாரம் தள்ளிப்போனால் மேஸ்திரி தன் கையிலிருந்து ரூ.2,52,000 போட வேண்டும். கூலியாட்கள் அவருடைய பங்காளி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர். அவர்களிடம் “பில் பாஸ் ஆகட்டும்” என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். மாத வட்டி மட்டும் சுமார் ரூ.12,500. இந்த வேலையில் அவருக்கு நிற்பது முப்பதாயிரம், நாற்பதாயிரம்தான். மூன்று மாதத்தில் அது போய்விடும். நான்காம் மாதத்திலிருந்து, அரசுக் கட்டடத்தைத் தன் செலவில் கட்டிக்கொடுத்த வள்ளலாகிறார் நம் மேஸ்திரி!

அப்படியானால் அவரே டெண்டர் எடுக்கலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒப்பந்ததாரராகப் பதிவு செய்ய சொத்து மதிப்புச் சான்று வேண்டும், முன்பு செய்த வேலைக்குச் சான்று வேண்டும், டெண்டருக்கு முன்வைப்புத் தொகை வேண்டும். மலையில் பலருக்கு இருப்பது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம். அது வாரிசுக்குப் போகும். விற்கவோ கைமாற்றவோ முடியாது. பழங்குடி நிலம் பறிபோகாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அந்த நிலத்தை வைத்து வங்கியில் கடன் எழாது, சொத்து மதிப்பும் காட்ட முடியாது. இருபது ஆண்டு செய்த வேலைக்கோ சான்று வேறொருவர் பெயரில் இருக்கிறது. சமவெளிச் சேரியில் ஒன்றரை சென்ட் வீட்டுமனையோடு இருக்கும் ஆதிதிராவிட கொத்தனாரின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

கர்நாடகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2017 முதல் அங்கே ரூ.50 லட்சம் வரையிலான அரசுக் கட்டுமானப் பணிகளில் 24.1 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் அந்த வரம்பு ரூ.1 கோடியாக உயர்ந்தது. மத்திய அரசின் கொள்முதல் கொள்கையிலும் இம்மக்களின் சிறு தொழில்களுக்கு 4 விழுக்காடு உண்டு. ஆனால் அது பொருளுக்கும் சேவைக்கும்தான். கட்டுமானப் பணி அதில் சேராது. நம் ஆட்கள் அதிகம் இருக்கும் தொழிலை மட்டும் விட்டுவிட்டு ஒதுக்கீடு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மானியம் தருகிறது. வரவேற்கிறோம். கலவை இயந்திரமும் சென்ட்ரிங் தகடும் அதில் வாங்கலாம். வேலைக்கும் பணத்துக்கும் அதில் உத்தரவாதம் இல்லை.

ஒப்பந்ததாரர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். “எங்களுக்கே மேலிருந்து வரலை, நாங்க எங்கே போறது?” என்கிறார்கள். பல நேரம் அது உண்மைதான். ஆனால் அரசு தாமதித்தால் அந்தச் சுமையைத் தாங்கச் சொத்தும் வங்கிக் கணக்கும் உள்ளவர் யார் என்று பார்த்துத்தானே டெண்டர் கொடுத்தார்கள்? சொத்து மதிப்புச் சான்று கேட்டது எதற்கு? மேலே பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்ற நிபந்தனை செல்லாது என்று பிரிட்டனில் 1996-லேயே கட்டுமானச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். மேலே இருப்பவர் திவாலானால் மட்டும் விலக்கு. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அது 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்கு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டார்கள். பத்து ஆள் மேஸ்திரிக்கு முன்பும் எட்டவில்லை, இப்போது இன்னும் தூரம்.

இருக்கிற வழிகளையாவது பயன்படுத்த வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், மாவட்டத் தொழில் மையத்திலும் உதவுவார்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில்கள் சட்டப்படி, பதிவு செய்தவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பயனில்லை என்பதே இதுவரையான தீர்ப்புகளின் போக்கு. கட்டுமான ஒப்பந்தம் இதில் வருமா என்றும் நீதிமன்றங்களில் வாதம் நடக்கிறது. அதனால்தான், தாளில் “கூலி வேலை ஒப்பந்தம்” என்று சதுர அடி ரேட்டோடு தெளிவாக எழுதுங்கள் என்கிறோம்.

எழுதித் தர மறுப்பார்கள். அப்போது அன்றிரவே நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: “அண்ணே, இன்று பேசியபடி சதுர அடி இவ்வளவு, அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, லிண்டல் மட்டத்தில் இவ்வளவு, நாளை வேலை ஆரம்பிக்கிறேன்.” அவர் “சரி” என்று ஒரு சொல் போட்டாலும் அது சாட்சி. அந்த போனைத் தொலைக்காமல் வைத்திருங்கள். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் பயனாளிக்கே வீடு எழ எழத்தான் தவணை வருகிறது. அதே முறையை மேஸ்திரி கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. தவணை வராவிட்டால் அடுத்த மட்டத்துக்குப் போகாதீர்கள். கூரை போட்ட பிறகு உங்கள் கையில் பிடி இல்லை.

காசோலை கொடுத்து அது திரும்பினால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நாள் தப்பினால் அந்த நோட்டீஸை வைத்துக் காசோலை வழக்குப் போட முடியாது. சாதாரண நிலுவைக்கு மூன்று ஆண்டு கெடு. “அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்” என்று மூன்று தீபாவளி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கெடு நன்றாகத் தெரியும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டம் தந்த உரிமை இது. மலையில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பணம் நின்றுபோன வீடுகளுக்கு யார் வருகிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிக்கு 20 தமிழர்கள் பலியானார்கள். இந்த மலையைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. கட்டட வேலை, பெயின்ட் வேலை என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று குடும்பத்தார் அன்று சொன்னார்கள். உள்ளூரில் செய்த வேலைக்குச் சனிக்கிழமை கூலி வராத வீட்டில், கையில் முன்பணத்தோடு வரும் புரோக்கருக்கு அதிகம் பேச வேண்டிய அவசியம் இருக்காது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, மத்தியப் பொதுப்பணித் துறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கட்டுகிறவரின் கூலியையும் கட்டடத்தின் பில்லையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடியும் என்பதற்கு அதுவே முன்னுதாரணம். இன்றும் ஒவ்வொரு கட்டுமானப் பில்லிலிருந்தும் தொழிலாளர் நல நிதிக்கு 1 விழுக்காட்டை அரசு முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. வரியையும் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கத் தெரிந்த அலுவலகத்துக்கு, கடைசிப் பில்லைத் தருவதற்கு முன் “கூலி வேலை எடுத்தவருக்குப் பாக்கி இல்லை” என்று மேஸ்திரியின் கையெழுத்தோடு ஒரு தாள் கேட்பது கடினமா? வேலைத்தளப் பலகையில் மேஸ்திரியின் பெயரையும் பில் பாஸான தேதியையும் சேர்த்து எழுத இரண்டு வரி போதும். ஜவ்வாது மலை ஒன்றியத்தில் நடக்கும் பணிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். இவ்விரண்டையும் கோரி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க இருக்கிறோம். பணம் நின்றுபோன மேஸ்திரிகள் தங்கள் கணக்கு நோட்டுடன் வாருங்கள். கிழிந்த நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை.