கப்பலிலிருந்து இறங்கிச் சொந்தமாகச் சுற்றலாமா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்கள் பல பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் பக்கம் போகின்றன. கரையில் கிடைப்பதோ சில மணி நேரம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குக் காசு கட்டணுமா, நாமே சுற்றிக்கலாமா?

கப்பல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

பினாங்கில் யோசிக்கவே வேண்டாம். சுவெட்டன்ஹம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா, குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் எல்லாமே நடக்கிற தூரம். நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பலாம். இதற்குப் போய் வழிகாட்டியா?

போர்ட் கிள்ளான் அப்படியில்லை. பயண அட்டவணையில் "கோலாலம்பூர்" என்று போட்டிருந்தாலும் இறங்குவது புலாவ் இண்டா தீவில். இரட்டைக் கோபுரம் வரை போய், திரும்பும்போது நெரிசலில் மாட்டினால் சிக்கல். கிள்ளான் நகரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்; அங்கேயும் ஒரு லிட்டில் இந்தியா உண்டு.

புக்கெட்டில் கவனம் தேவை. பாத்தோங் கரைக்கு வரும் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிடும். சிறு படகில்தான் போய் வரணும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அதைவிடப் பெரிய பொறி கடிகாரம். தாய்லந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். கைபேசி தானாக மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால்? உங்கள் கைபேசியில் 4 மணி, கப்பலில் 5.

நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கோ வீட்டுக்கோ போகும் செலவு உங்கள் தலையில். கடப்பிதழ் கப்பலிலேயே இருந்தால் இன்னும் திண்டாட்டம்.