ஷாலிமார்: வாசனையா ஒரு கொசுவத்தி

முதல்லயே சொல்லிடறேன், இது கொசுவத்திப் பதிவு. ஆனா சுத்தற சுத்துல நடுவுல கொஞ்சம் சண்டையும் போடப்போறேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தோம். நான் அத்தையோட பழைய ஷாலிமார் புட்டியைத் திறந்து, மூடியால காதுக்குப் பின்னாடி ஒரு தொடு, மணிக்கட்டுல ஒரு தொடு வெச்சுக்கிட்டேன். பக்கத்துல தலை வாரிக்கிட்டு இருந்த அத்தை பொண்ணோட பொண்ணு (காலேஜ் ரெண்டாம் வருஷம்) மூக்கைச் சுருக்கினா. "என்ன அத்தை இது, பாட்டி வாசனை?" ன்னா. கோபம் வரலை. ஆனா சுருக்குன்னுச்சு. அவ சொன்ன பாட்டி, புட்டிக்குச் சொந்தக்காரியான அவளோட சொந்தப் பாட்டிதான்னு அவளுக்கே தெரியாது. அந்தம்மா போனப்போ இவளுக்கு நாலு வயசு.

அத்தை வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி. மாமா ஃபிரெஞ்சு ராணுவத்துல இருந்து ஓய்வு வாங்கினவர். அங்கே 'சொல்தா' ம்பாங்க. ஃபிரான்ஸ்ல இருந்து சொந்தக்காரங்க யார் வந்தாலும் மாமாவுக்கு என்ன வருதோ இல்லையோ, அத்தைக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு ஷாலிமார் வந்துடும். அதை தினமும் போட மாட்டாங்க. ஜூலை 14 அன்னிக்கு மாமா மெடல் எல்லாம் குத்திக்கிட்டுக் கிளம்பும்போது, அப்புறம் நெருங்கின உறவுல கல்யாணம்னா. பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்குப் பின்னாலேர்ந்து அந்தச் சின்னப் புட்டி வெளியே வரும். நீலக் கலர்ல விசிறி மாதிரி ஒரு மூடி. நான் கையை நீட்டினா எனக்கும் ஒரு தொடு. உடனே ரெண்டு மணிக்கட்டையும் வெச்சுத் தேய்ப்பேன். "தேய்க்காதடி, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" னு ஒரு அதட்டல் கண்டிப்பா விழும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த ஷாலிமார் 1925-ல் பாரிஸில் வெளிவந்தது. கெர்லான் என்பது 1828-ல் தொடங்கிய வாசனைத் திரவியக் குடும்பம். அந்தக் குடும்பத்து ழாக் கெர்லான் கலந்தது இது. அந்த வருஷம் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சி ரொம்பப் பிரபலம், 'ஆர்ட் டெகோ' என்ற பேரே அந்தக் கண்காட்சியிலிருந்துதான் பின்னாளில் வந்தது. அங்கேதான் ஷாலிமாரைக் காட்சிக்கு வைத்தார்கள். புட்டியை வடிவமைத்தவர் அதே குடும்பத்து ரேமோன் கெர்லான், செய்து கொடுத்தது பாக்கரா கண்ணாடித் தொழிற்சாலை. முகலாயத் தோட்டத்து நீரூற்றுத் தொட்டி மாதிரி ஒரு அடிப்பாகம், மேலே நான் சொன்ன நீல விசிறி.

இது பிறந்த விதத்துக்கு ஒரு கதை சொல்லுவாங்க. கெர்லான்ல ஏற்கெனவே 'ஜிக்கி' ன்னு ஒரு வாசனை உண்டு. (நம்ம பாட்டுக்கார ஜிக்கி இல்லைங்க.) 1889-ல் ழாக்கின் பெரியப்பா எமே கெர்லான் செய்தது. எத்தில் வனிலின்னு ஒரு செயற்கை வனிலாப் பொருள் புதுசா கைக்கு வந்தப்போ, ழாக் அதுல கொஞ்சத்தை எடுத்து ஒரு ஜிக்கி புட்டிக்குள்ளே சும்மா கொட்டிப் பார்த்தாராம். அவ்வளவுதான், ஷாலிமார் பிறந்துடுச்சாம். இவ்வளவு சுலபமா நடந்திருக்கும்னு எனக்குத் தோணலை. ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து மோந்து பார்த்தா உறவு தெரியும். அக்கா தங்கச்சி மாதிரி ஒரே மூக்கு, ஒரே முழி. சாதாரண வனிலினை விட எத்தில் வனிலினுக்கு வீரியம் சுமார் மூணு மடங்கு. அதைத் துணிஞ்சு அள்ளிப் போட்டதுதான் ழாக்கோட கைவேலை.

பேருக்கும் ஒரு காதல் கதை ஒட்டினாங்க. ஷாஜஹானும் மும்தாஜும் ஷாலிமார் தோட்டத்துல உலாவினாங்க, அந்தக் காதலுக்கு அர்ப்பணம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டா கொஞ்சம் இடிக்குது. மும்தாஜ் 1631-ல் புர்ஹான்பூரில் பதினாலாவது பிரசவத்தில் இறந்துபோனார். ஷாஜஹான் லாகூரில் ஷாலிமார் தோட்டம் போட்டது 1641-ல், அதாவது பத்து வருஷம் கழிச்சு. ஸ்ரீநகர் ஷாலிமார் 1619-லேயே இருந்தது, வாஸ்தவம்தான். ஆனா அது ஜஹாங்கீர் தன் மனைவி நூர்ஜஹானுக்காகப் போட்டது. மும்தாஜுக்கு நூர்ஜஹான் அத்தை முறை. ஆக, விளம்பரத்துல வர்ற தோட்டம் உண்மையில ஒரு அத்தையோட தோட்டம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு :-)

இப்போ வாசனைக்கு வரேன். அங்கதான் என் சண்டையே.

ஷாலிமார்னா வனிலா, வனிலான்னா இனிப்பு, இனிப்புன்னா கஸ்டர்ட் பவுடர். இப்படித்தான் நிறைய பேர் நினைக்கறாங்க. ஆனா போட்டவுடனே வர்றது இனிப்பே இல்லை. முதல்ல பளிச்சுனு ஒரு கசந்த எலுமிச்சை. பெர்கமோட்னு, இத்தாலியில கலாப்ரியாவுல விளையற பழத்தோட தோல். ஏர்ல் கிரே டீ குடிச்சவங்களுக்குத் தெரிஞ்ச வாசனை. நாரத்தைத் தோலைக் கிள்ளினா விரல்ல ஒட்டுமே, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அது பத்து இருபது நிமிஷத்துல அடங்கும். அப்புறம் கொஞ்சம் ரோஜா, மல்லிகை, ஐரிஸ் கிழங்கோட பவுடர் மணம். அதுக்கும் கீழே ஒரு புகை. பழைய தோல் பையைத் திறந்தா வருமே அந்த நெடி. பிர்ச் மரத்துத் தார் செய்யற வேலை அது. சாம்பிராணி உண்டு. வெள்ளைப்போளத்துக்கு உறவான ஓப்போபொனாக்ஸ்ங்கற பிசின் உண்டு. டோங்கா கொட்டை, அதுக்குக் காய்ஞ்ச வைக்கோல் மணம். பழைய புட்டிகள்ல புனுகும் இருந்தது. ஆமாங்க, நம்ம புனுகேதான். தனியா மோந்து பார்த்தா மிருகக்காட்சிசாலைக் கூண்டு. ஒரு துளியை மத்ததோட கலந்தா அத்தனைக்கும் உயிர் வந்துடும்.

இத்தனையும் கீழே நின்னு தாங்கிப் பிடிக்கறதாலதான் வனிலா அங்கே மிட்டாயா ஆகாம இருக்கு. எங்க பாட்டி பாயசத்துல பச்சைக் கற்பூரம் போடுவாங்க. கடுகளவுதான். அது இல்லாத பாயசமும் இனிக்கத்தான் செய்யும். ஆனா ரெண்டு கரண்டிக்கு மேல போகாது. ஷாலிமார்ல அந்தக் கடுகளவு, அழுக்கும் புகையும் கசப்பும்.

1992-ல் ஏஞ்சல்னு ஒண்ணு வந்தது. தியரி மியூக்ளர் பேர்ல ஒலிவியே க்ரெஸ்ப் செஞ்சது. பஞ்சு மிட்டாய் வாசனை வர்றதுக்கு அதுல எத்தில் மால்டால்னு ஒரு பொருளை ஏகமாப் போட்டாங்க. நான் ஏஞ்சலைக் குறை சொல்ல மாட்டேன். அதுலயும் அடியில பச்சூலி முரட்டுத்தனமா உக்காந்திருக்கு, அதனால நிக்குது. அதைப் பார்த்து அப்புறம் வந்த கூட்டம்தான் பச்சூலியை வெளியே அனுப்பிட்டு பஞ்சு மிட்டாயை மட்டும் வெச்சுக்கிச்சு. ஏர்போர்ட் கடையில வரிசையா அடுக்கி வெச்சிருக்கற ரோஸ் கலர் புட்டிகளை எல்லாம் மோந்து பாருங்க. பாதிக்கு மேல கேரமல், ஸ்ட்ராபெரி, சர்க்கரைப்பாகு. ஒரு மணி நேரத்துல திகட்டிடும். அதுக்குப் பழகின மூக்குதான் ஷாலிமார்ல இருக்கற புகையைப் பார்த்து 'பாட்டி' ங்குது. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லை. அவளுக்கு யாரும் கசப்பைக் கொடுத்துப் பழக்கலை.

அதுக்காக "பழசுதான் ஒசத்தி, இப்ப விக்கறது ஷாலிமாரே இல்லை" ன்னு புலம்பற கோஷ்டியிலயும் நான் சேர மாட்டேன். எனக்கும் அந்த வியாதி இருந்தது. அத்தை புட்டி தீர்ந்துடுமேங்கற பயத்துல புதுசு ஒண்ணு வாங்கி, இடது கையில பழசு, வலது கையில புதுசுன்னு ஒரு நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ணினேன். (வீட்டுல என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.) வித்தியாசம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். புனுகுப் பூனையைக் கூண்டுல அடைச்சு வழிச்சு எடுக்கறதைப் பெரிய கம்பெனிகள் கைவிட்டாச்சு, இப்போ செயற்கைதான். அதுக்காக நான் அழ மாட்டேன். பெர்கமோட்ல பெர்காப்டென்னு ஒரு பொருள் இருக்கு, அது பட்ட தோல்ல வெயில் பட்டா கருகிப்போகும், அதனால இப்போ அதை நீக்கின எண்ணெயைத்தான் போடறாங்க. பிர்ச் தாருக்கும் கட்டுப்பாடு வந்தாச்சு. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனா விளைவு என்னன்னா, புதுசு சீக்கிரமே வனிலாவுக்கு வந்துடுது. பழசு உங்களைக் கொஞ்சம் காக்க வைக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்க. அத்தை புட்டியில மேல இருக்க வேண்டிய எலுமிச்சை எப்பவோ செத்துப்போச்சு. பழைய புட்டிகள்ல முதல்ல கெடறது அதுதான். திறந்ததும் முதல் ரெண்டு நிமிஷம் நெய்ல் பாலிஷ் மாதிரி ஒரு நெடி வரும். ஆக, 1925-ல் பாரிஸ்ல மோந்தவங்க அனுபவிச்ச ஷாலிமார் இதுவும் இல்லை. எலுமிச்சை புதுசுல இருக்கு, புகை பழசுல இருக்கு. ரெண்டு கையையும் சேர்த்து மோந்தாத்தான் முழுசா கிடைக்குது.

இந்த மாதிரி வாசனைகளுக்கு 'ஓரியண்டல்' னு பேர் வெச்சிருந்தாங்களே, அது எனக்கு ரொம்ப நாளா உறுத்தல். கீழ்த்திசை வாசனையாம். சாம்பிராணியும் பச்சூலியும் கீழ்த்திசைதான், ஒத்துக்கறேன். ஆனா இதுக்கு முதுகெலும்பே வனிலா. அது மெக்சிகோ கொடி. அங்கேயிருந்து வெளியே கொண்டுபோனா பூக்கும், காய்க்காது, மகரந்தம் சேர்க்க பூச்சி கிடையாது. கையால மகரந்தம் சேர்க்கற எளிய வழியை 1841-ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடிச்சது எட்மோன் அல்பியுஸ்னு ஒரு பையன். பன்னிரண்டு வயசு, அடிமை. இன்னைக்கும் உலகத்துல வனிலாத் தோட்டங்கள்ல அவன் வழியிலதான் பூவைத் தொடறாங்க. அவர் 1880-ல் ஏழையாவே செத்தார். இது ஒண்ணு. ஷாலிமார்ல தூக்கலா இருக்கறதோ செயற்கை வனிலா. வனிலினை முதல்ல செயற்கையா செஞ்சது 1874-ல் ஜெர்மனியில, பைன் மரச் சாறிலிருந்து. மெக்சிகோ, ரீயூனியன், ஜெர்மனி, இத்தாலி எலுமிச்சை. இதுல எங்கே இருக்கு லாகூர்? 2021-ல் மைக்கேல் எட்வர்ட்ஸ் தன்னோட வாசனை வகைப்பாட்டுல 'ஓரியண்டல்' ஐ எடுத்துட்டு 'ஆம்பர்' னு மாத்தினார். நல்லதுதான். பேர் போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாரிஸ்ல உக்காந்துக்கிட்டு கண்ணை மூடி நம்ம ஊரைக் கனவு கண்டிருக்காங்க, கனவுல நம்ம ஊர் இல்லை, ஆனா கனவு என்னவோ அழகு. அதை ஒரு புதுச்சேரிக்காரம்மா வாங்கி, காஞ்சிபுரம் பட்டு மேல போட்டுக்கிட்டு, அது தனக்குன்னே செஞ்ச மாதிரி நடந்து போனாங்க. கெர்லானுக்கே இது தெரிஞ்சிருக்காது.

அத்தை போனதுக்கு அப்புறம் பீரோவைக் காலி பண்ணும்போது இந்தப் புட்டியை அவங்க பொண்ணுதான் என் கையில கொடுத்தா. "எனக்கு இதை மோந்தா தாங்காது, நீ வெச்சுக்கோ" ன்னா. அப்போ பாதி இருந்தது. ரொம்ப வருஷம் திறக்காமலே பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். திறக்காம வெச்சாலும் உள்ளே கெட்டுக்கிட்டுதான் இருக்குன்னு தெரிஞ்சப்புறம் போட ஆரம்பிச்சேன். இப்போ கால்வாசி.

கல்யாணத்தன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலையே. முகூர்த்தம் முடிஞ்சு பந்தியில உக்காந்திருந்தோம். பக்கத்துல அந்தப் பொண்ணு. போட்டு நாலு மணி நேரம் ஆகியிருக்கும், எலுமிச்சை, பூ எல்லாம் போய் புகையும் வனிலாவும் மட்டும் மிஞ்சற நேரம். சாம்பாருக்கு நான் கையை நீட்டினேன். அவ என் மணிக்கட்டைப் பிடிச்சு மோந்து பார்த்தா. மறுபடியும் ஒரு தடவை மோந்தா. அந்தாண்ட உக்காந்திருந்த அவ அம்மா இதைப் பார்த்துட்டு, இலையை மடிச்சுட்டுக் கை கழுவ எழுந்து போயிட்டா.

"அத்தை, இதை எனக்கும் கொஞ்சம் வெச்சு விடுங்களேன்" ன்னா. சாப்பிட்ட கையைக் கழுவிட்டு வாடின்னேன்.