கேள்வி கேட்ட ஊரே செழித்தது!

“உயிரித் தொழில்நுட்பத் தொழிற்கொத்து வேண்டுமா? நிலத்தை மலிவாகத் தாரீர், வரியைத் தள்ளுவீர், வாய் திறவாதீர். செல்வம் தானே வந்து கொட்டும்!” இப்படி அருள்வாக்கு வழங்குகின்றனர் முதலாளிகளின் பூசாரிகள். ஆட்சியாளரோ தலையாட்டுகின்றனர். நாம் கேட்கிறோம்: எங்கே அப்படிக் கொட்டிற்று?

அவர்கள் விரல் நீட்டும் ஊர், அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ். அங்கே கெண்டால் சதுக்கத்தில் ஆய்வுக்கூடங்களும் மருந்து நிறுவனங்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. உண்மை! ஆனால், அவ்வூரின் கதையை முழுதும் கூறுகின்றனரா? இல்லை.

1976இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மரபணுவை வெட்டி ஒட்டும் ஆய்வுக்குக் கூடம் அமைக்க முனைந்தது. ஊருக்கு ஊறு நேராதா என்று கேட்டார் நகரத் தலைவர் ஆல்ஃபிரட் வெலுச்சி. அவ்வாய்வுகளுள் சிலவற்றை நகர மன்றம் நிறுத்தி வைத்தது. குடிமக்கள் குழுவொன்றை அமைத்தது. செவிலி இருந்தார், பொறியாளர் இருந்தார், எண்ணெய் வணிகர் இருந்தார். கருவறைக்குள் பிறர் நுழையலாகாது என்போர், ஆய்வுக்கூடத்துக்கும் அவ்வேலியையே இடுவர். அக்குழுவோ வேலியைத் தாண்டியது. அறிஞரை அழைத்து வினவியது, விளங்கிக்கொண்டது, காப்பு விதிகளோடு ஆய்வு நடக்கட்டும் என்றது. 1977இல் அது நகரச் சட்டமாயிற்று.

அறிவியல் அஞ்சி ஓடிற்றா? ஓடவில்லை! 1982இல் பயோஜென் நிறுவனம் அங்கு வந்தது. ஒயிட்ஹெட் ஆய்வு நிறுவனமும் அவ்வாண்டே தோன்றியது. 2010இல் மாடர்னா பிறந்தது. எது தகும், எது தகாது என்பது தெளிவானது. மக்கள் அச்சம் தணிந்தது, நிறுவனத்தார் ஐயமும் தீர்ந்தது.

அந்த மண்ணுக்கு நீர் பாய்ச்சியது எது? பொதுப்பணம்! பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு நடுவண் அரசின் மானியம் ஆண்டுதோறும் பாய்ந்தது. 2008இல் மாநில அரசு, பத்தாண்டுக்கு நூறு கோடி டாலர் திட்டம் வகுத்தது. பேராசிரியரும் மாணவரும் மருத்துவரும் நடைதூரத்தில் கூடினர். ஒரு நிறுவனம் வீழ்ந்தாலும் அதன் ஆய்வாளருக்கு அடுத்த தெருவில் வேலை உண்டு. கற்ற வித்தை அவரோடு அங்கே சென்று சேரும். தொழிற்கொத்தின் வலிமை இதுவே. மலிவு நிலமன்று!

குறையே இல்லையா? உண்டு. வீட்டு வாடகை விண்ணை முட்டுகிறது. எளியோர் ஊரைவிட்டு விலக நேர்கிறது. வரி கொடுத்தவன் வாடுவதும் பங்கு வைத்திருப்பவன் கொழுப்பதும் எவ்வகை நீதி?

ஆகவே, இளைஞர்களே! தொழிற்கொத்து என்றதும் கைதட்டாதீர், கைகூப்பாதீர். கல்விக்கூடம் எங்கே, காப்புச் சட்டம் எங்கே, மக்களின் பங்கு எங்கே என்று கேளுங்கள். கேள்வி அறிவியலின் பகையன்று, அதன் தாய்!