அளந்து பார்க்க அஞ்சாதீர்

2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம், மதரசா மாணவர் பயணித்த உழவு இயந்திரத்தைக் கவிழ்த்த துயரை நாம் மறக்கவில்லை. அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. வெள்ளம் புகுந்து வடிந்த வீடுகளிலோ, ஆபத்து ஈரச் சுவருக்குள் ஒளிந்திருக்கும்.

நனைந்த மின்கம்பியில் மின்சாரம் கசிந்தால் ‘ட்ரிப் சுவிட்ச்’ விழும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்கும் காவலாளி அது. நாமோ, ‘சுவர் காய்ந்தால் சரியாகிவிடும்’ என்று நாள் கடத்துகிறோம். சிலர் அதனையே நீக்கிவிட்டு நேரே இணைப்புக் கொடுக்கவும் துணிகின்றனர்.

கையிலுள்ள ‘டெஸ்டர்’ மின்சாரம் உண்டா என்று மட்டுமே சொல்லும். கசிவு எங்கே என்று சொல்லாது. மின்சாரத்தை நிறுத்தி, சாதனங்களைக் கழற்றிவிட்டு, தகுதி பெற்ற மின்னியலாளர் 500 வோல்ட் ‘மெகர்’ கருவியால் ஒவ்வோர் இணைப்பாக அளந்தால் பழுதுள்ள கம்பி அகப்பட்டுவிடும்.

பின் ஏன் தள்ளிப்போடுகிறோம்? கருவி கிடைக்காமையால் அன்று. அது காட்டப்போகும் உண்மைக்கும், அதன் செலவுக்கும் அஞ்சியே. மனச்சான்றை ஆய்ந்து பார்க்க நாம் தயங்குவதும் இதே அச்சத்தால்தான். ஆனால் அளக்காத பழுது மறைந்துவிடுவதில்லை. ஒரு குழந்தையின் ஈரக்கை படும்வரை காத்திருக்கிறது. அடுத்த மாரிக்கு முன்பே அளந்து பார்ப்போம்.